ரிப்பனுக்கு முதுகிலும் காது

ராஜபாளையத்தில் என் சகலை வீட்டுக்கு நான் கொண்டுபோன பால்கோவாவில் பாதி கெட்டுத்தான் போயிருக்கிறது. கோவாவின் மேல் குற்றமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ஸ்டேஷனரிக் கடைக்கு எதிரிலேயே கிண்டுகிறார்கள். சூடு ஆறுமுன்னே வாங்கி பஸ் ஏறிவிடுவேன். மதினியும் வாங்கின கையோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவாள். ஃபிரிட்ஜின் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அதன் ப்ளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அதன் தலைமேலேயே வைத்துவிட்டுச் சகலை வெண்டைக்காய் வாங்கப் போயிருப்பார். திரும்பி வந்து மாட்ட மறந்துவிடுவார். அணைப்பதில் இருந்த ஞாபகசக்தியில் கால்வாசி அவருக்குப் போடுவதில் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

சகலை என்றால் என் மனைவியின் அக்காளை, அதாவது மதினியை, கட்டியவர். அண்ணனும் இல்லை, மாமனும் இல்லை. ஒரே வீட்டில் பெண்ணெடுத்த காரணத்துக்காக இரண்டு பேரை ஒரே விலங்கில் பூட்டிவைத்த மாதிரி ஒரு உறவு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மேலே இருந்தபடியே, "அந்தப் பேனாவை மூடி வைங்க சகல, மை காஞ்சிரப்போவுது" என்பார்.

ஒருமுறை தளவாய்புரத்தில் கல்யாணம். சகலை, மதினி, நான், என் வீட்டுக்காரி நாலு பேரும் பஸ்ஸில் போகிறோம். பாதி தூரம் போயிருக்கும். சகலை மெல்ல மதினி பக்கம் சாய்ந்தார்.

"மெயினை அணைச்சேனா?"

"அணைச்சீக."

"நீ பாத்தியா?"

"நீங்க அணைக்கிறதைப் பாக்கத்தானே வாக்கப்பட்டு வந்திருக்கேன். பாத்தேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். சகலை தர்மம் என்று ஒன்று இருக்கிறதே, நானும் இறங்கினேன். எதிர்ப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து பார்த்தால் மெயின் அணைந்துதான் இருந்தது. அத்தோடு கிளம்புவார் என்று நினைத்தேன். "அணைஞ்சிருக்கா, இல்ல கரண்டே இல்லாம இருக்கா, எப்படித் தெரியும்?" என்று மெயினைப் போட்டுப் பார்த்தார். விளக்கு எரிந்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அணைத்தார், பூட்டினார், பஸ் ஏறினோம். முன்பு இறங்கிய அதே இடம் வந்ததும் என் தொடையைத் தட்டினார்.

"சகல, கடைசியா நாம அணைச்சோமா, போட்டோமா?"

நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் அந்தக் கல்யாணத்துப் பாயசத்தைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு ஆத்திரம் வரும்.

இப்படிப்பட்ட மனிதர் என்ன தொழில் செய்தார் என்று நினைக்கிறீர்கள்? ஒலிப்பதிவு. கரண்டு இல்லாமல் ஒரு நிமிஷம் நடக்காத தொழில். பேண்டேஜ் துணி மடித்துப் பாக்கெட் போடுகிற கொட்டகைக்கு மேலே ஒற்றை அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை. பஜனைக் கோஷ்டிக்காரர்கள், சர்ச் பாட்டுக்குழு, தேர்தல் நேரத்தில் தொண்டை கட்டிய வேட்பாளர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கீழிருந்து காயத்துக்குச் சுற்றுகிற காஸ் துணியும் பிளாஸ்திரியும் ஓசியில் வரும். காஸ் துணியை நாலாக மடித்து வளையத்தில் கட்டி மைக்குக்கு முன்னால் வைப்பார், பாடுகிறவர் மூச்சு நேராகப் போய் மோதாமல் இருக்க. புதிதாக வருகிறவர்கள் மைக்குக்கு ஏதோ ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள்.

அந்த அறையின் மூலவர் ஒரு ரிப்பன் மைக். சென்னையில் ஏதோ பழைய சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தை இடித்தபோது வாங்கி, மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தது. தூக்குவாளியைக் கவிழ்த்த அளவு இருக்கும். உள்ளே இரண்டு காந்தத்துக்கு நடுவில் ஒரு அலுமினிய ரிப்பன் தொங்கும். இனிப்பின் மேல் ஒட்டுகிற வெள்ளித்தாள் மாதிரி மெலிசு. சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். காற்று அசைந்தால் அது அசையும், அது அசைந்தால் இம்மியளவு கரண்டு பிறக்கும், அதுதான் பாட்டு. மற்ற மைக்கில் நாயனம் விழுந்தால் தகரம் அறுக்கிற மாதிரி இருக்கும். இந்த மைக்கில் விழுந்தால் வாசித்தவரே, "இம்புட்டு நல்லாவா வாசிச்சேன்?" என்று கேட்பார்.

அதற்கு இரண்டு குணம் உண்டு என்று சகலை சொல்லுவார். ஒன்று, சத்தம் ரொம்பச் சன்னம். பெருக்கிப் பெருக்கித்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, முன்னால் எப்படிக் கேட்குமோ அப்படியே பின்னாலும் கேட்கும். பக்கவாட்டில்தான் செவிடு. அதனால் மைக்குக்குப் பின்னால் ஈ உட்கார்ந்தாலும் விரட்டுவார். "அங்கன நிக்காதீக. ரிப்பனுக்கு முதுகுலயும் காது." ஒரு பஜனைக் கோஷ்டியில் ஜால்ராக்காரர் தெரியாமல் பின்னால் போய் நின்றுவிட, பதிவை நிறுத்தி, அவரைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிப்போய், பக்கவாட்டில் சுவரோரம் நிறுத்திவிட்டு வந்தார். அந்த மனிதர் கடைசிவரை ஜால்ராவைத் தட்டவே இல்லை, பயந்துவிட்டார்.

அறை திறந்த முதல் நாளே ஒரு விபத்து நடந்தது. எனக்குச் சொல்லப்பட்ட வரலாறு இது. ரிப்பன் மைக்குகள் ரேடியோ காலத்தில் ராஜாவாக இருந்தவை. அப்புறம் கண்டென்சர் மைக் என்று ஒரு ஜாதி வந்தது. அதற்கு உயிர்வாழக் கரண்டு வேண்டும். பாட்டு எந்த வயரில் வருகிறதோ அதே வயரில் எதிர்ப்பக்கமாக நாற்பத்தெட்டு வோல்ட்டை அனுப்பினார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போவதால் வெள்ளைக்காரன் அதற்குப் பேய்க் கரண்டு என்றே பெயர் வைத்துவிட்டான். வயர் ஒழுங்காக இருந்தால் அந்தப் பேய் பழைய ரிப்பனை ஒன்றும் செய்யாது. வயரில் ஒரு முனை விட்டிருந்தாலோ, காந்தத்துக்கு நடுவே தொங்குகிற ரிப்பன் ஒரே இழுப்பில் போய்விடும்.

திறப்பு விழாவன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நாயனக்காரர் வந்திருந்தார். சகலையின் மிக்சரில் எல்லா மைக்குக்கும் சேர்த்து ஒரே பேய்ச் சுவிட்ச். தவிலுக்கு வைத்த கண்டென்சருக்காக அதைப் போட்டார். நாயனத்துக்கு வைத்த ரிப்பனின் வயரோ அவர் கையாலேயே முந்தின நாள் பற்றவைத்தது. ஒரு முனை சரியாக ஒட்டவில்லை. டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாயனக்காரர் வாசித்துக்கொண்டே இருந்தார். சகலை தலையை ஆட்டி ரசித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் சால்வை போர்த்தி, "பிரமாதமா விழுந்திருக்கு" என்று வழியனுப்பிவிட்டு, மாடியேறி வந்து செத்த நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாராம். இதைச் சொன்னது மதினி. அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பெங்களூரில் யாரிடமோ கொடுத்து ரிப்பன் மாற்றி வாங்கினார். வந்த அன்றைக்கே கீழேயிருந்து அகலப் பிளாஸ்திரி வாங்கி அந்தச் சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். அன்றோடு அறையில் கண்டென்சருக்கு வேலை போய்விட்டது. அன்றோடுதான் ஃபிரிட்ஜுக்கும் சனி பிடித்தது என்பது மதினியின் கட்சி. "அதுக்கு முன்னால மனுசன் நல்லாத்தான் இருந்தாக தம்பி. ஃபேன் போட்டுத் தூங்குவாக."

ஆம், ஃபேன். பதிவு நடக்கும்போது ஃபேன் கூடாது. காற்று ரிப்பனை அசைக்கும். ஜன்னல் கூடாது, மில் சங்கு கேட்கும். சித்திரை மாதம், மெத்தை ஒட்டிய அறை, பன்னிரண்டு பேர் சர்ச் பாட்டுக்குழு. மூன்றாவது பாட்டில் ஒரு அம்மாள் மயங்கி முன்பக்கமாகச் சாய்ந்தார். சகலை பாய்ந்து ஓடிவந்தார், மைக்கைப் பிடித்துக்கொள்ள. அந்த அம்மாளை நான்தான் பிடித்தேன். நான் அங்கே என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சுருதிப் பெட்டி. அதையும் ப்ளக்கில் மாட்டக் கூடாது, பேட்டரியில்தான் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் ஒலிப்பதிவுத் துறையில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வேன்.

பக்கத்து வீட்டு ராஜு ஒரு வெள்ளை நாய் வளர்த்தார். நம்மூர் ஜாதிதான்; அந்த ஜாதியில் சிலதுக்குக் காது கேட்காது, இதற்கும் கேட்காது. அது ஒன்றுதான் சகலை வைத்த சட்டத்துக்கெல்லாம் கட்டுப்பட்டு மாடிப்படியில் சும்மா படுத்திருக்கும். "பாத்தீகளா, எம்புட்டு ஒழுக்கம்" என்று எங்களுக்கு அதை உதாரணம் காட்டுவார்.

எரிச்சல் என்னவென்றால், மனிதருக்கு எல்லாம் தெரியும். டீக்கடையில் உட்கார்ந்தால் ரிப்பனின் மறுபிறவியைப் புராணம் மாதிரி சொல்லுவார். கம்ப்யூட்டரில் பதிவு செய்ய ஆரம்பித்த பிறகு எல்லாக் குரலும் கண்ணாடிச் சில்லு மாதிரி குத்தியதாம். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டில் அலமாரிக்குள் கிடந்த ரிப்பனைத் தேடித் தூசி தட்டினார்களாம். ஆனால் சத்தம் போதவில்லை. அதற்கு ஒருவன் வழி கண்டுபிடித்தான். மைக்கின் வயிற்றுக்குள்ளேயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரை வைத்தான். அதற்குக் கரண்டு?

"அதே நாப்பத்தெட்டு வோல்ட்டுதான் சகல. எது வந்தா ரிப்பன் செத்துச்சோ, அதையே அதுக்குச் சோறாப் போட்டுட்டானுவ. ரிப்பன் தனியா ஒதுங்கிப் பத்திரமா நிக்கும். கரண்டு ஆம்ப்ளிஃபயரோட நின்னுக்கிடும். என்ன மூளை பாருங்க."

"அப்போ அதுக்குச் சுவிட்ச் போட்டாத்தான் பாடும்?"

"போட்டாத்தான்."

"போடாட்டி?"

"போடாட்டி அது வெறும் இரும்பு." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்காரரிடம், "அடுப்பைச் சின்னதா வைங்க, வீணா எரியுது" என்பார்.

இந்தப் புராணத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த அவர் மகள், பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த மைக்கையே வாங்கி அனுப்பிவிட்டாள். ஸ்கூல் பிள்ளையின் டிபன் பாக்ஸ் அளவுதான். சகலை பிரித்துப் பார்த்தார், துடைத்தார், காஸ் துணியில் சுற்றினார், பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். கூட வந்த விளக்கத் தாளில் நாற்பத்தெட்டு வோல்ட் கட்டாயம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை என்னிடம் காட்டி, "தாள் அச்சடிக்கிறவன் வேற ஆளு, மைக்கு செய்யிறவன் வேற ஆளு சகல. அச்சுப் பிழையா இருந்தா யாரு பதில் சொல்லுதது?" என்றார். டீக்கடையில் புராணம் சொன்ன வாய் இதுதானா என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மதினி பாடுவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவள். மார்கழி முழுக்கக் கோஷ்டியில் முன்வரிசை. எந்தக் கல்யாணமானாலும் ஊஞ்சலில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்ததும், "மதினியைக் கூப்பிடு" என்பார்கள். அவள் ஆரம்பித்தால் ஊஞ்சல் தானாக ஆடும். ஊரில் இருக்கிற தொண்டையெல்லாம் பதிவு செய்த சகலை, இந்தத் தொண்டையை மட்டும் பதிவு செய்யவில்லை. கேட்டால், "அவ பாட்டை அப்படி அரைகுறையா எடுக்க முடியாது. மழை பெய்து காத்து குளுந்து, மில்லு லீவு விட்டு, எல்லாம் கூடி வரட்டும்" என்பார். மில்லு லீவு விட்டால் மழை பெய்யாது. மழை பெய்தால் தவளை கத்தும்.

மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. அந்த ஐப்பசியில் மதினியின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. மதுரையில் காட்டினார்கள். பயப்படுகிற கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும். கட்டி இருக்கிற இடம் குரல் நரம்பை ஒட்டி. பேச்சு திரும்ப வந்துவிடும், பாட்டு வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

புதன்கிழமை நானும் என் வீட்டுக்காரியும் பார்க்கப் போயிருந்தோம். மதினி வாழைக்காய் சீவிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு மத்தியானம் ஊஞ்சப் பாட்டு பாடுதேன். பிள்ளை கல்யாணத்துல போட. எடுக்கீகளா, இல்ல நான் செல்போன்ல எடுத்துக்கிடவா?"

செல்போன் என்ற சொல்லைக் கேட்டதும் சகலை எழுந்து நின்றுவிட்டார். பீரோ சாவியை எடுத்தார்.

"அவ பாட்டுக்குப் புது மைக்குதான்" என்றார்.

மறுநாள் கடையை என் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு நான் போய்விட்டேன். பேண்டேஜ் கொட்டகையில் சொல்லி மத்தியானம் மெஷினை நிறுத்த வைத்திருந்தார். காஸ் துணி புதிதாகக் கட்டியிருந்தார். கற்பூரம் காட்டுவது போலப் புது மைக்கை ஸ்டாண்டில் மாட்டினார். மதினி பட்டுச் சேலை கட்டி வந்திருந்தாள். சுருதிப் பெட்டியை அமுக்கினேன். லேப்டாப் சார்ஜர் கழற்றப்பட்டு பேட்டரியில் ஓடியது. அதில் பதிவுப் பொத்தானையும் என்னையே அமுக்கச் சொன்னார். பதவி உயர்வு.

மதினி பாடினாள். ஹெட்ஃபோனில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள் எங்கோ, நாலு ஊர் தள்ளித் தேவதானத்தில் நின்று யாரோ பாடுகிற மாதிரி ஒரு குரல். சகலை ஒலியைக் கூட்டினார். மழைதான் கூடியது. இன்னும் கூட்டினார். புயல்.

"மைக்கு கோளாறு" என்றார். "கம்பெனிக்கு அனுப்பி மாத்திரலாம். அடுத்த மாசம் எடுப்போம்."

"அடுத்த மாசம் எனக்குத் தொண்டை இருக்குமா?" என்று கேட்டாள் மதினி.

சுருதிப் பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது; அதை அணைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

நான் விளக்கத் தாளை எடுத்து நீட்டினேன். "சகல, நீங்கதானே சொன்னீக, போடாட்டி அது வெறும் இரும்புன்னு."

"தெரியும்."

"ரிப்பன் ஒதுங்கிப் பத்திரமா நிக்கும்னு சொன்னீக."

"தெரியும்ங்கேன்லா."

"பொறவு?"

அவர் சுவிட்சைப் பார்த்தார். பிளாஸ்திரி பழுப்பேறி, ஓரமெல்லாம் அழுக்குப் பிடித்து, மிக்சரோடு பிறந்த மாதிரி ஒட்டிக்கிடந்தது. கையைக் கொண்டுபோனார். பிளாஸ்திரிக்கு ஒரு விரற்கடை முன்னால் கை நின்றுவிட்டது. உள்ளங்கையைத் திருப்பி, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"எல்லாம் தெரியும் சகல. கை வர மாட்டேங்கு. இவ பாடிக்கிட்டு இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டுட்டா என்ன செய்ய?"

எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடப்பது அபூர்வம்.

மதினி எழுந்து வந்தாள். குழந்தையின் முழங்காலில் இருந்து பிளாஸ்திரி உரிப்பதுபோல, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெல்ல, ஒரே சீராக உரித்தாள். அடியில் சுவிட்ச் புதுசாக, வெள்ளையாக இருந்தது. "எந்தப் பக்கம்?" என்று என்னைக் கேட்டாள். காட்டினேன். போட்டாள்.

ஒன்றும் வெடிக்கவில்லை. சகலை வேகவேகமாக ஒலியைக் குறைத்தார், குறைத்தார், இன்னும் குறைத்தார். மழை விட்டுவிட்டது. மதினி தன் இடத்துக்குப் போகும்போது அவள் வளையல் சத்தம் ஹெட்ஃபோனில் கேட்டது. என் காதுக்குள் யாரோ வளையல் போட்டுவிட்ட மாதிரி.

அவள் பாட ஆரம்பித்தாள். அதை எழுத எனக்கு வராது. முதல் அடி முடிந்ததும் பார்க்கிறேன், சகலை நாற்காலியில் இல்லை. மைக்குக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையையும் மைக்குக்குக் கீழே ஏந்தினாற்போல வைத்திருக்கிறார், ஏதாவது அறுந்து விழுந்தால் பிடித்துக்கொள்ள. கண் மூடியிருக்கிறது.

இரண்டாம் அடியில் ஹெட்ஃபோனில் இன்னொரு சத்தம் வந்தது. கொட்டகையில் மெஷினை ஓட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். மெஷினுக்கு வார்த்தை இருக்காது, இதற்கு இருந்தது. மதினிக்கு அரை அடி பின்னால், சுருதிக்கு நாலு வீடு தள்ளி, கரகரவென்று ஒரு ஆண் குரல் ஊஞ்சல் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை. சகலையின் உதடு அசைந்துகொண்டிருந்தது. கையை ஆட்டினேன், கண் மூடியிருந்ததால் பார்க்கவில்லை. பதிவை நிறுத்தலாம். மதினி மூன்றாம் அடியில் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தாள்; அந்த நேரம் நிறுத்தினால் என்னையும் ஸ்டாண்டில் மாட்டிவிடுவாள். பேசாமல் இருந்தேன். மங்களம் வரை இரண்டு பேரும் சேர்ந்தே போய் இறங்கினார்கள்.

பதிவு செய்ததைச் சேமித்தேன். ஒலிப்பதிவுத் துறையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. போட்டுக் காட்டியதும் சகலையின் முகம் மாறியது.

"யாரு இது? பின்னால யாரு?"

"நீங்கதான்."

"நானா? நான் பாடலையே."

"பாடியிருக்கீக சகல. முதுகுலயும் காதுன்னு நீங்கதானே சொன்னீக."

"அய்யய்யோ. கெட்டுப்போச்சு. எல்லாம் கெட்டுப்போச்சு." பரபரவென்று எழுந்தார். "ஏட்டி, உக்காரு. இன்னொரு தடவை. நான் வெளிய நிக்கேன். படியில நாயோட நிக்கேன். அந்த உச்சம் அப்படியே வரணும். சகல, அமுக்குங்க."

மதினி அவரைப் பார்த்தாள். சேலையை இடுப்பில் செருகினாள். கதவோரம் போய், மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள். அறையில் இருந்த ஒற்றை விளக்கும் போய்விட்டது.

"அணைச்சாச்சு" என்றாள். "நீங்களே வந்து பாத்துக்கிடுங்க. பொறவு பாதி வழியில எறங்காதீக. வாங்க ரெண்டு பேரும், வாழைக்காய் ஆறிப்போவுது."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பேச்சு வந்துவிட்டது. திட்டுவதற்குக் குறையில்லாத குரல். மேலே ஏறினால் மட்டும் காற்றாகப் போய்விடும். தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் மகளும் மருமகனும் ஊஞ்சலில் உட்கார, அந்தப் பதிவைத்தான் போட்டார்கள். இரண்டாம் அடி வந்ததும் மைக்செட்காரர் பதறிப்போய், "ஏதோ வேற ஸ்டேஷன் கலக்குது" என்று வயரை ஆட்ட ஆரம்பித்தார். ஊஞ்சலில் இருந்த பெண் தலைகுனிந்து தோள் குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கிட்டப்போய்ப் பார்த்தேன், இரண்டும். சகலை மண்டபத்தில் இல்லை. தேடிப் போனால் பின்பக்கம் ஜெனரேட்டரை வீணாக ஓட்டுகிறார்கள் என்று ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். அது விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. என் கண் ப்ளக்கின் மேலேயே இருந்தது. எப்படியும் எழுந்துவந்து கழற்றிவிடுவார் என்று கடைசி நேரம் வரை எனக்கு ஒரு நினைப்பு.

போன மாதம் மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். என் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன் இப்போது மதுரையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். அவனிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியிருந்தேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே இரண்டு குரலைப் பிரித்துவிடுமாம். பின்னால் கேட்கிற அந்த ஆண் குரலைத் துடைத்து எடுத்துவிட்டு, உங்கள் மதினி குரலைச் சுத்தமாகத் தருகிறேன் என்றான். நல்ல செய்தி கொண்டுபோகிறோம் என்ற மிதப்பில், போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, மதினியிடம் விவரமாகச் சொன்னேன்.

அவள் நான் கொண்டுபோன பால்கோவாவை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தாள்.

"ஒரு குரலைத் துடைச்சுத்தான் ஆகணும்னா, என் குரலைத் துடைச்சிரச் சொல்லுங்க தம்பி" என்றாள்.

சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். போகிற போக்கில், நான் சார்ஜ் போட்டிருந்த சுவிட்சை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி ஃபிரிட்ஜின் தலையில் வைத்தாள். அங்கே இன்னொரு வயர் ஏற்கனவே சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தது.